அம்மாவின் போனைப் பூட்டியது யார்?

வீட்டில் பெரியவர்களுக்குப் புதுப் போன் வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரிக்கிறோம். கண்ணாடி உடையாமலிருக்க டெம்பர்டு ஒட்டச் சொல்கிறோம், கவர் போடச் சொல்கிறோம். இதற்கெல்லாம் நமக்கு நேரம் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து முதன்முதலாக ஆன் செய்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்தப் பத்துப் பதினைந்து திரைகளுக்கு மட்டும் நேரம் இருப்பதில்லை. அந்தப் போனை யார் திறக்கலாம், தொலைந்தால் எப்படி மீட்கலாம், மறந்தால் எந்த எண்ணுக்குத் தகவல் போகும் என்பதெல்லாம் முடிவாவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். அந்தக் கால் மணி நேரத்தை நம் வீடுகளில் நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நாம் என்று சொல்வது பேச்சு வழக்குக்காக அல்ல. வீட்டில் 'போன் விஷயமெல்லாம் இவனுக்குத் தெரியும்', 'இவளிடம் கொடு, பார்த்துக்கொள்வாள்' என்று பெயர் வாங்கிய எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பெயர் எனக்கும் உண்டு.

முதல் திரை மொழியைக் கேட்கிறது. பட்டியலைக் கொஞ்சம் தள்ளினால் தமிழ் இருக்கிறது. நாம் அதைத் தொடுவதில்லை. ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். பெரியவர்கள் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. தமிழில் இருந்தால் எது எங்கே இருக்கிறது என்று நாம் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நம்முடைய அந்தச் சின்னச் சௌகரியத்துக்காக, தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற அப்பாவை, தன் போனில் வரும் ஒரு எச்சரிக்கையைக்கூடப் படிக்க முடியாதவராக ஆக்கினோம். பிறகு அவர் "என்னமோ கேக்குதுப்பா, பாரு" என்று போனை நீட்டும்போது, அவருக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டோம். அவருக்குத் தெரியாத மொழியில் அவரிடம் கேள்வி கேட்க வைத்ததே நாம்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்து கூகுள் கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து ஒரு செயலியை இறக்க அது வேண்டும். தொடர்பு எண்கள் போய்ச் சேர்வது அதில்தான். எடுத்த படங்களுக்கு நகல் சேர்வதும் அதில்தான். அம்மாவுக்கு மின்னஞ்சல் எதற்கு என்று நமக்கு ஓர் எண்ணம். அதனால் பேருக்கு ஒரு ஜிமெயில் தொடங்கினோம். அம்மாவின் பெயர், அதன் பின்னால் ஏதோ நான்கு எண்கள், அந்த நிமிடம் வாய்க்கு வந்த ஒரு பாஸ்வேர்ட். எங்கும் எழுதி வைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. நம்மில் சிலர் அதுகூடச் செய்யாமல் நம் சொந்த ஜிமெயிலையே அம்மாவின் போனிலும் போட்டோம். நம் அலுவலக நண்பர்களின் எண்களெல்லாம் அவர் போனில் வந்து குவிந்தன. சித்தியின் எண்ணைத் தேட அவர் நூறு அந்நியப் பெயர்களைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்னும் சிலர், கடையில் "நானே செட் பண்ணிக் குடுத்துடவா சார்?" என்று கேட்ட பையனிடம் சரி என்றோம். வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு நடுவே அவன் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தான். அதன் பெயரும் பாஸ்வேர்டும் இன்றைக்கு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பிறந்த தேதி கேட்ட இடத்தில் என்ன போட்டோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? நம் பெற்றோர் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி. வீட்டில் சொல்லும் நட்சத்திரமும் மாதமும் வேறு. ஆதாரில் ஏறியது இன்னொன்று. எதைப் போடட்டும் என்று அவர்களையே கேட்டிருக்கலாம். கேட்காமல் ஜனவரி 1 என்று தட்டிவிட்டு, ஆண்டை விரல் போன போக்கில் தள்ளினோம். பின்னாளில் அந்தக் கணக்கை மீட்க வேண்டி வரும்போது, உரியவர் இவர்தான் என்று காட்டுவதற்கான சான்றுகளில் ஒன்றை அங்கேயே தொலைத்துவிட்டோம்.

மீட்பு எண்ணில் நாம் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய அலட்சியம். பாஸ்வேர்ட் மறந்துபோனால் மீட்டெடுக்க ஒரு போன் எண்ணையும் இன்னொரு மின்னஞ்சலையும் கூகுள் கேட்கிறது. அதை 'ஸ்கிப்' செய்தோம். இல்லையென்றால் அப்போது நம்மிடம் இருந்த எண்ணைப் போட்டோம். பிறகு வேலை மாறியது, ஊர் மாறியது, சலுகைக்காக வேறு சிம் வாங்கினோம். பழைய சிம் மேசை டிராயரில் கிடந்தது. இந்தியாவில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அதாவது, அம்மாவின் கணக்கைத் திறக்க கூகுள் அனுப்புகிற ஓடிபி இன்று முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அந்த எண்ணை விட்ட அன்று, அது எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று நாம் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

கடைசியாகத் திரைப்பூட்டு. இங்கே நாம் இரண்டில் ஒன்றைச் செய்தோம். "வயசானவங்களுக்கு எதுக்கு லாக்கெல்லாம்" என்று பூட்டே போடாமல் விட்டோம். அல்லது 1234 போட்டோம். நிக் பெர்ரி என்பவர் 2012-இல், கசிந்துபோன பாஸ்வேர்டுகளிலிருந்து ஏறத்தாழ 34 லட்சம் நான்கிலக்க எண்களைத் திரட்டி ஆராய்ந்தார். அவற்றில் ஏறக்குறைய 11 சதவீதம் 1234 ஆகவே இருந்தது. அடுத்த இடம் 1111-க்கு, மூன்றாம் இடம் 0000-க்கு. இந்த மூன்று எண்களை முயன்று பார்த்தாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பூட்டு திறந்துவிடும் என்றாகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் இப்படித்தான் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அம்மாவின் போனில் அந்த எண்ணைப் போட்டது உலகம் அல்ல, நாம்.

கைரேகை வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. பாத்திரம் தேய்த்தும் வயலில் களையெடுத்தும் ரேகை தேய்ந்த விரல்கள் அவை. ரேஷன் கடையில் கருவி அந்த விரலை ஏற்காமல் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கச் சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதே விரலைப் போனில் பதிவு செய்துவிட்டு, பின் எண்ணைச் சொல்லித் தராமல் கிளம்பினோம். போனை அணைத்துப் போட்டாலும் சரி, ஆண்ட்ராய்டில் 72 மணி நேரம் பின் எண் போடாமலே இருந்தாலும் சரி, கைரேகை மட்டும் போதாது, பின் எண் கேட்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்த போன் காலையில் உயிர் பெற்றதும் ஓர் எண்ணைக் கேட்கிறது. அது என்ன எண் என்று அவர்களுக்குத் தெரியாது. நாம் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருக்கிறோம், போனை எடுப்பதில்லை.

இந்தப் பூட்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை வந்த காரணம் நியாயமானது. 2012, 2013 வாக்கில் அமெரிக்க நகரங்களில் போனுக்காகவே ஆட்களைத் தாக்குவது பெருகியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் கேஸ்கானும், நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த எரிக் ஷ்னைடர்மேனும் சேர்ந்து, திருடப்பட்ட போன் யாருக்கும் பயன்படாமல் போக வழி செய்யுங்கள் என்று தயாரிப்பாளர்களை நெருக்கினார்கள். 2013 செப்டம்பரில் ஆப்பிள், ஐஓஎஸ் 7-உடன் 'ஆக்டிவேஷன் லாக்' கொண்டுவந்தது. அதற்கடுத்த ஆறு மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் வழிப்பறிகள் 38 சதவீதம் குறைந்தன. கலிபோர்னியாவில் 2014-இல் இதற்கென ஒரு சட்டம் நிறைவேறி, 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்போடு இந்தக் காப்பு வந்தது. போனின் பொத்தான்களை அழுத்தி முழுவதும் அழித்துப் புதிதாக்கினாலும், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய திரைப்பூட்டையோ கொடுத்தால்தான் உள்ளே விடும். நம்மூர்க் கடைகளில் இதை எஃப்ஆர்பி லாக் என்பார்கள், கூகுள் லாக் என்றும் சொல்வார்கள்.

திருடனைத் தடுக்கச் செய்தது அந்தப் பூட்டு. கையில் போன் வைத்திருப்பவர் உரியவரா திருடரா என்று அதற்குத் தெரியாது. உரியவருக்கு அந்தக் கணக்கும் அந்த எண்ணும் தெரியும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. நம் வீடுகளில் நாம் உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான். வீட்டைக் கட்டி அம்மா பெயரில் பத்திரம் பதிந்துவிட்டு, சாவியை நம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போனது போலத்தான் இது. அந்தச் சட்டை எது என்பதும் நமக்கு மறந்துவிட்டது.

அதனால் என்ன நடக்கிறது என்பதை எந்த ஊர் மொபைல் கடையிலும் மாலை நேரத்தில் பார்க்கலாம். பேரக்குழந்தை விளையாட்டாகப் பேட்டர்னை மாற்றியிருக்கும், அல்லது பெரியவரே எதையோ அழுத்தி எண்ணை மாற்றியிருப்பார். போன் பூட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பையன் ரீசெட் செய்து பார்ப்பான். எல்லாம் அழிந்தபின் பழைய ஜிமெயிலைக் கேட்கும். "ஐடி என்னம்மா?" என்று கடைக்காரர் கேட்கிறார். "தெரியலையே தம்பி, பையன்தான் போட்டுக் குடுத்தான்" என்கிறார் அந்த அம்மா. பையனுக்குப் போன் போகிறது. பையன் மூன்று பாஸ்வேர்ட் சொல்கிறான், மூன்றும் தவறு. பில் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்கிறார். பில்லும் பெட்டியும் போன தீபாவளிக்கு வீட்டை ஒழுங்கு செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. அந்தப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தன் சொந்தப் போனைத் திறக்க, திருட்டுப் போனைத் திறக்கிற அதே வழியில் அந்த அம்மா போக வேண்டியிருக்கிறது. ஏதோ தவறு செய்துவிட்டவர் போல அவர் அங்கே நிற்கிறார். தவறு அவருடையதல்ல.

போனையாவது எப்படியோ திறந்துவிடலாம். உள்ளே இருந்தவை திரும்ப வருவதில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் எல்லாப் புதுப் போன்களிலும் உள்ளே இருப்பவை மறைகுறியாக்கப்பட்டே இருக்க வேண்டும். அதற்கு முன்பே பெரும்பாலான போன்களில் அப்படித்தான். அந்த மறைகுறியை அவிழ்ப்பதில் திரைப்பூட்டின் எண்ணுக்கும் பங்கு உண்டு. எண் போனால் படங்கள் போயின. கடைக்காரர் கைவிரிப்பது திறமைக் குறைவால் அல்ல. அப்பா இறந்த பிறகு அவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு, அவருடைய கல்யாண நாள், பேத்தியின் பிறந்த நாள், பழைய ஸ்கூட்டரின் எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. தவறான முயற்சிகள் கூடக் கூட, போன் காத்திருக்கச் சொல்கிற நேரமும் கூடுகிறது. உள்ளே அவர் குரல் இருக்கிறது. வயல் வரப்பில் நின்று அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது "அப்பா, உங்க போன் லாக் நம்பர் என்ன, எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பது அபசகுனம் போலத் தோன்றியதால் கேட்காமல் இருந்தோம். சொத்துப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தயங்காத நாம்தான் இதைக் கேட்கத் தயங்கினோம்.

நாம் இல்லாமல் போனால் நம் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க கூகுள் 2013 முதல் ஒரு வசதி வைத்திருக்கிறது. எத்தனை மாதம் பயன்பாடு இல்லாவிட்டால், யாருக்கு, எதையெல்லாம் கொடுக்கலாம் என்று நாமே குறித்துவைக்கலாம். ஐபோனில் 2021 முதல் இதுபோல ஒருவரை நியமிக்கலாம். நமக்கே இதைச் செய்துகொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னொரு மறதியும் உண்டு. ஒவ்வொரு புதுப் போனுக்கும் ஒவ்வொரு புது ஜிமெயில் தொடங்கினோம். பழையதன் பாஸ்வேர்டைத் தேடுவதைவிட அது சுலபம். பழைய கணக்கில் பேரனின் காதுகுத்து, குலதெய்வம் கோயில் கிடா வெட்டு, பாட்டி கடைசியாகச் சிரித்த படம் எல்லாம் அப்படியே கிடந்தன. இரண்டு ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காத கணக்குகளை அழிக்கப்போவதாக 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியும் விட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புவார்கள். அந்த எச்சரிக்கை போவது அதே பழைய கணக்குக்கும், கொடுத்திருந்தால் அதன் மீட்பு முகவரிக்கும்தான். நாம் அதையும் கொடுக்கவில்லையே.

2020-ஐ நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகவே கடன் வாங்கி முதல் ஸ்மார்ட்போனை வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்தப் போன்களை ஆன் செய்து கணக்குத் தொடங்கியது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வயது குறைவென்று ஏற்காதோ என்று பயந்து பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டார்கள். தோழியின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தார்கள். பின்னாளில் அதே போனில் அப்பாவின் வங்கிச் செயலி ஏறியது, அம்மாவுக்கு அரசிடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வந்த செய்தியும் அதிலேயே வந்தது. குடும்பத்தின் பணம் முழுவதும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை அவசரத்தில் வைத்த பூட்டை நம்பி இருந்தது. அந்தப் பிள்ளை பாவம், தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தெருவில், உறவில், அலுவலகத்தில் விவரம் தெரிந்த நாம் எட்டிப் பார்த்து "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கலாம்.

எழுதக் கூச்சமாக இருக்கும் ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் நம்மிடம் கேட்கத்தான் செய்தார்கள். முதல் முறை கேட்டபோது வாங்கிச் செய்து கொடுத்தோம். இரண்டாம் முறை, "போன வாரம்தானே சொன்னேன்?" என்றோம். மூன்றாம் முறை, பேசாமல் போனைப் பிடுங்கி, அவர்கள் பார்க்க முடியாத வேகத்தில் எதையோ தட்டி, திருப்பிக் கொடுத்தோம். நான்காம் முறை அவர்கள் கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டோம். நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் அவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். பிறகு ஒருநாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு குரல் வருகிறது. "அம்மா, பதறாதீங்க, நான் சொல்றபடி மெதுவா அழுத்துங்க, அவசரமே இல்லை" என்கிறது. ஒவ்வொரு திரையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பொறுமையாகக் கேட்கிறது. தப்பாக அழுத்தினால் கோபித்துக்கொள்வதில்லை. அம்மா அந்த ஓடிபியைச் சொல்லிவிடுகிறார். சேதி தெரிந்ததும் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "யாருன்னே தெரியாதவன்கிட்ட எப்படிம்மா சொன்னே?" என்பது. அந்தப் போனைப் பற்றி அவரிடம் அத்தனை பொறுமையாகப் பேசிய முதல் ஆள் அவன்தான் என்ற பதிலை அம்மா சொல்லமாட்டார். நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் நம்முடையதே. பல வீடுகளில் அம்மாவின் பின் எண் மகனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சில சமயம் பேரனுக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியாது. அவர் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது மகனின் எண். அவருக்கு வரும் ஓடிபி மகனுக்குப் போகிறது. அவருடைய பணத்தை அவரே எடுக்க, மகன் போனை எடுக்க வேண்டும். உதவி என்று தொடங்கிய ஒன்று மெல்ல மெல்ல அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுவிட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்யவில்லை. சுலபமாக இருந்தது, அதனால் செய்தோம்.

சரிசெய்ய முடியாததாக இவற்றில் பல இல்லை. அதுதான் எனக்குத் தெம்பு தருகிறது. போன் இப்போது திறந்த நிலையில் வேலை செய்துகொண்டிருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. கணக்கை மீட்பதற்கு, வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயல்வதே நல்லது என்று கூகுளே சொல்கிறது. அம்மாவின் வீட்டில், அம்மாவின் போனில் உட்கார்ந்து செய்வதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் அன்றைக்கே போனை ரீசெட் செய்யக் கூடாது, 24 மணி நேரம் விட வேண்டும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே நாளில் செய்து பூட்டிக்கொண்டவர்கள் உண்டு. போனை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே அழிக்க வேண்டும். அப்படிச் செய்தால், அத்தை பெண்ணுக்கு ஆசையாகக் கொடுத்த பழைய போன் அவளிடம் போய் நம் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்காது.

இந்த முறை போன் நம் கையில் இருக்க வேண்டாம். அவர்கள் கையில் இருக்கட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். மெதுவாகத்தான் போகும், போகட்டும். மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்ப்போம். வேண்டாம் என்றால் அதுவும் அவர்கள் முடிவு. பின் எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், பிறந்த ஆண்டோ வண்டி எண்ணோ இல்லாமல், அவர்களுக்கு மட்டும் பொருள் உள்ள ஆறு எண்களாக. தேய்ந்த ஒரு விரலைப் பதிவதற்குப் பதிலாக இரண்டு மூன்று விரல்களைப் பதிந்து, ஒரே விரலை இரண்டு முறை பதிந்தும் பார்க்கலாம். திரை பூட்டியிருக்கும்போதே ஓடிபி மேலே தெரிகிறதே, அந்த உள்ளடக்கத்தை மறைத்து வைக்கலாம். வாட்ஸ்அப்பில் 2017 முதல் இருக்கிற ஆறிலக்க இரண்டாம் பூட்டைப் போட்டு, ஒரு மின்னஞ்சலையும் அதில் சேர்க்கலாம். அது இருந்தால், ஓடிபியை ஏமாற்றி வாங்கியவனாலும் கணக்கை எளிதில் பிடிக்க முடியாது.

பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று நாம் எங்கோ படித்ததை அவர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். அலுவலக மேசைக்கு அது சரி. எழுபது வயதில் தனியாக இருப்பவருக்கு, பீரோவில் நகையோடும் பத்திரத்தோடும் இருக்கிற ஒரு நோட்டுப் புத்தகம், மறந்துபோன பாஸ்வேர்டைவிட எவ்வளவோ பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்ட், கொடுத்த பிறந்த தேதி, மீட்பு எண் யாருடையது, எல்லாவற்றையும் அவர்கள் கையெழுத்திலேயே எழுதட்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்தால் கூகுள் பத்து எட்டிலக்க எண்களைத் தரும். போனே தொலைந்தாலும் அவற்றில் ஒன்றைக் கொண்டு உள்ளே போகலாம். அவற்றையும் அங்கே எழுதலாம். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டையும், எழுதிவைக்க வேண்டும். போன் திருடுபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் இயங்காமல் செய்யலாம். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதலாம்.

சிம்முக்கும் தனியாக ஒரு பூட்டு உண்டு. போன் பூட்டியே இருந்தாலும் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். அதைத் தடுப்பது இந்தப் பூட்டுதான். ஆனால் இதில் அவசரம் கூடாது. மூன்று முறை தவறினால் பியூகே எண் கேட்கும், அதில் பத்து முறை தவறினால் சிம்மே செத்துப்போகும். நிறுவனத்திடம் தொடக்கப் பின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொட வேண்டும். பெரியவர் அதை நினைவில் வைக்கச் சிரமப்படுவார் என்று தோன்றினால் வேண்டாம். எல்லாப் பூட்டையும் எல்லாருக்கும் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பூட்டைப் போடுமுன் அவருக்கு அதைத் திறக்கத் தெரிகிறதா என்று நம் கண் முன்னே ஒரு முறை திறந்து காட்டச் சொல்வது முக்கியம். பிறகு போனை அணைத்து ஆன் செய்து, மறுபடி ஒரு முறை.

இதற்கெல்லாம் ஒரு மாலை நேரம் போதும். நாம் ஊருக்குப் போகும் இரண்டு நாளில் ஒரு மாலை கிடைக்காமல் போகாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பிலேயே, கோபப்படாமல், திரை திரையாகக் கேட்டுச் செய்யலாம். அப்பா அம்மா இல்லாதவர்கள், வீட்டில் வேலை செய்ய வரும் அக்காவின் போனைப் பார்க்கலாம், தெருமுனையில் பூ விற்கும் பாட்டியைக் கேட்கலாம். அவர்கள் பின் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர்களையே அழுத்தச் சொல்லி.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அம்மாவின் போனில் செட்டிங்ஸைத் திறந்து, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண் யாருடையது என்று முதலில் பாருங்கள். அது உங்கள் பழைய எண்ணாக இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது போன் அம்மாவின் கையில் இருக்கட்டும்.